மணிக்கு நாலு மைல் மரணம்!

1

போன் அலறியது!

படகின் சமையல் மேடை மேல் கிடந்த போனைப் பாய்ந்து எடுத்தாள் குப்பி. திரையில் 'வீட்டுக்காரர்' என்று மின்னியது.

அப்பாடா!

"எங்கேங்க போய்த் தொலைஞ்சீங்க? பீச்சுல ஒரு மணி நேரம் தேடிட்டு, நீங்க படகுக்கே திரும்பிட்டீங்களோன்னு பஸ் பிடிச்சு வந்து..."

"தேட வேண்டாம். உன் புருஷன் என்கிட்ட இருக்கான்."

கணவனின் குரல் இல்லை. தகரக் குழாய்க்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஒரு குரல்!

குப்பி போனைக் காதோடு அழுத்தினாள்.

"யார்... யார் நீங்க?"

"அது உனக்கு எதுக்கு? ரெண்டு - ஒண்ணு - நாலு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நன்றாகவே இருந்தது.

குப்பி விஷங்களைச் சோதிக்கும் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் பதினாலு வருடமாக வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகளோடு குடித்தனம். அதனால் வீட்டிலும் வெளியிலும் அவள் பெயர் குப்பி. செத்தவர்களின் குடலும் ஈரலும் அவளிடம் வரும், பெயர் வராது. எண், வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். மாதிரி எண் 214-ஐ போன வாரம்தான் சோதித்து முடித்தாள். இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் மருந்து, ஒரு குதிரையைச் சாய்க்கிற அளவுக்கு இருந்தது. ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி. திங்கட்கிழமை போலீஸுக்குப் போக வேண்டும். ஃபைலை இங்கேயே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"ரெண்டு - ஒண்ணு - நாலுல விஷம் இல்லைன்னு எழுது. மசியில கையெழுத்துப் போடு. கடல்வாசல்ல ஒரு இரும்புப் பெட்டி இருக்கு. நாலு மணிக்குள்ள அதுல போடு. புருஷனைக் கூட்டிட்டுப் போ."

"நான்... நான் பஸ்ஸுல உடனே வந்து..."

"படகை விட்டு இறங்கினா அவன் செத்தான்! படகுலயே வா. அதுல இருக்கற வரைக்கும் நீ என் கண் பார்வையில இருக்கே. பச்சை ஸ்வெட்டர் உனக்கு நல்லாத்தான் இருக்கு."

குப்பி குனிந்து தன் பச்சை ஸ்வெட்டரைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். மரங்கள். புல். ஒரு மாடு.

"போலீஸுக்குப் போன் பண்ணா..."

"பண்ண மாட்டேன்! பண்ணவே மாட்டேன்! அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க!"

"நாலு மணி!"

தொடர்பு அறுந்தது.

2

ஒரு வாரம் நிம்மதியாகப் படகில் போகலாம் என்று ஏற்பாடு செய்தது கணவன்தான். மருந்துக்கடைக்காரன். கடையை ஒரு நாள் மூடினாலே உடம்பு சரியில்லாதவன் போல் அலைகிறவன், இந்த முறை ஒரு வாரம் மூடினான். நீளமான படகு, உள்ளே இரண்டு அறை, அடுப்பு, ஜன்னலில் திரைச்சீலை. பின்னால் நின்று சுக்கானைப் பிடித்தால் போதும். வாத்துகள் முந்திக்கொண்டு போகும் வேகத்தில் கால்வாயில் நகரும்.

நாலு நாள் அப்படித்தான் நகர்ந்தார்கள். இன்று காலை படகைக் கட்டி, மாமியாரை அதிலேயே விட்டுவிட்டு, இருவரும் பஸ்ஸில் கடலோர ஊருக்குப் போனார்கள். கால்வாய் கடலில் சேரும் இடமான கடல்வாசலைச் சுற்றிப் பார்த்தார்கள். பீச்சில் உட்கார்ந்தார்கள்.

"அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன்."

போனவன் போனவன்தான்.

"யாரும்மா போன்ல?" உள் அறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "என் புள்ளையா? எங்கே இருக்கானாம்? எப்போ வரானாம்? சாப்பிட்டானாமா? யாரோட இருக்கானாம்?"

மாமியாருக்கு முழங்கால் போய்விட்டது, வாய் போகவில்லை. அவள் கேள்வி கேட்க உட்கார்ந்தால் வக்கீல்கள் வாசலோடு திரும்பிப் போவார்கள்.

"ஃப்ரெண்டைப் பார்த்துட்டாராம் அத்தை. நம்மளைக் கடல்வாசலுக்குப் படகை ஓட்டிட்டு வரச் சொன்னார்."

"எந்த ஃப்ரெண்டு?"

"தெரியலை அத்தை."

"நீயா ஓட்டப்போறே? உனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதே!"

உண்மை. நாலு நாளும் ஓட்டியது கணவன்.

குப்பி கயிற்றை அவிழ்த்தாள். இஞ்சினைக் கிளப்பினாள். படகின் மூக்கு எதிர்க்கரையில் போய் 'டமால்' என்று முட்டியது.

"ஐயோ! அந்த மஞ்சள் படகுக்காரி எவ்வளவு நைஸா ஓட்டினா!" என்றாள் மாமியார்.

"எந்த மஞ்சள் படகு?"

"நீ போன் பேசறப்போ நம்மளைத் தாண்டிப் போச்சே. எனக்குக் கைகூட ஆட்டினா."

குப்பி காதில் வாங்கவில்லை. வேகத்தை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். படகின் பின்பக்கம் தாழ்ந்து கால்வாயின் தரையைத் தேய்த்தது. பின்னால் அலை எழும்பியதே தவிர, படகு முன்னைவிட மெதுவாகப் போனது!

கால்வாய்ப் படகின் குணம் அது. அடித்து விரட்டினால் முரண்டு பிடிக்கும். மணிக்கு நாலு மைல். அதற்கு மேல் கடவுளே வந்து தள்ளினாலும் நடக்காது.

மணி பன்னிரண்டு.

கடல்வாசலுக்கு ஆறு மைல். கடல்வாசலையும் சேர்த்து ஐந்து தொட்டிகள்!

3

தொட்டி என்றால், கால்வாய் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிற இடத்தில் கட்டிய கல்தொட்டி. மேல்பக்கம் ஒரு ஜோடி மரக்கதவு, கீழ்ப்பக்கம் ஒரு ஜோடி. நிரம்பிய தொட்டிக்குள் படகை விட்டு, மேல்கதவைச் சாத்தி, கீழ்க்கதவில் இருக்கும் சின்ன மதகைத் திறந்தால் தண்ணீர் இறங்கும். கூடவே படகும் இறங்கும். பிறகு கீழ்க்கதவைத் திறந்து போய்விடலாம். இரண்டு ஆள் வேலை. தொட்டி காலியாக இருந்துவிட்டால் முதலில் அதை நிரப்ப வேண்டும். அதற்கே கால் மணி நேரம் ஆகும்.

முதல் தொட்டி வந்தது.

நிரம்பியிருந்தது! மேல்கதவு 'வா' என்று திறந்திருந்தது!

"நல்ல வேளை!" குப்பி படகை உள்ளே விட்டாள். இரும்புக் கைப்பிடியோடு சுவர் மேல் தாவினாள். கயிற்றைக் கட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள். கட்டிவிட்டால் தண்ணீர் இறங்கும்போது படகு அந்தரத்தில் தொங்கும் என்று முதல் நாளே கணவன் சொல்லியிருந்தான். முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ளிச் சாத்தினாள். மதகின் பல்சக்கரத்தில் கைப்பிடியை மாட்டிச் சுற்றினாள்.

சுற்றியது.

தண்ணீர் இறங்கியது. கீழ்க்கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, படகின் கூரை மேல் கால் வைத்து இறங்கினாள். 'இருங்க... வந்துடறேன்... வந்துடறேன்...'

இரண்டாவது தொட்டிக்குள் நுழையும்போது மறுபடி போன்.

"எழுதிட்டியா?"

"அது... பொய் ரிப்போர்ட்டுங்க. ஒரு உயிர் போயிருக்கு. நான் பதினாலு வருஷமா..."

"இன்னொரு உயிர் போகணுமா?"

தொடர்ந்து, கணவனின் குரல்.

"குப்பி... அவங்க சொல்றதை எழுதிக் கொடுத்துடு... என்னால முடியலை... அம்மாகிட்ட சொல்லாதே..."

'பளார்' என்று ஒரு சத்தம். "அம்மா!" என்று ஓர் அலறல்.

போதும்! தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

குப்பி ஃபைலைத் திறந்தாள். உள்ளே ரிப்போர்ட் படிவம் இரண்டு இருந்தது. ஒன்றை எடுத்தாள்.

'மாதிரி எண் 214. விஷம் எதுவும் காணப்படவில்லை.'

கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் படகின் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெயர் தெரியாத அந்த ஆளைத் தானே இரண்டாம் முறை கொன்றது போல் இருந்தது.

"ஏன் அழறே?" மாமியார் எட்டிப் பார்த்தாள்.

"வெங்காயம் நறுக்கினேன் அத்தை."

"வெங்காயம் எங்கே?"

4

மூன்றாவது தொட்டி. மணி இரண்டு பத்து.

நிரம்பியிருந்தது. மேல்கதவு திறந்திருந்தது.

படகை உள்ளே விட்ட குப்பி கைப்பிடியோடு அப்படியே நின்றாள்.

மூன்று தொட்டி. மூன்றுமே தயார்!

சோதனைக்கூடத்தில் ஒரு குப்பி நிறம் மாறினால் தற்செயல் எனலாம். மூன்று குப்பி மாறினால்?

"அத்தை! அந்த மஞ்சள் படகு நமக்கு முன்னாடிதானே போச்சு?"

"ஆமா. ஏன்?"

"எதிர்ப்பக்கமா ஏதாவது படகு வந்துச்சா?"

"ஒரு வாத்துகூட வரலை. நான் ஜன்னல்லயேதான் உட்கார்ந்திருக்கேன். ஏன் கேக்கறே? என்ன விஷயம்? யாராவது..."

மஞ்சள் படகு கீழே இறங்கிப் போயிருக்கிறது. அப்படியென்றால் அது தாண்டிய தொட்டி ஒவ்வொன்றும் காலியாக அல்லவா இருக்க வேண்டும்?

யார் நிரப்பியது?

யாரோ ஒருவன் அவளுக்கு முன்னால் போகிறான். மஞ்சள் படகு தாண்டியதும் கீழ்க்கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பி, மேல்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறான். அவள் நாலு மணிக்குள் வந்து சேர வேண்டுமே என்று!

கடத்தியவன்தான். வேறு யார்?

குப்பி மதகுப் பக்கம் போனாள். பல்சக்கரத்தைப் பார்த்தாள்.



பல்சக்கரம் தானாகச் சுழலாமல் இருக்க ஓர் இரும்புக் கொக்கி உண்டு. அதைத் தூக்கி விட்டால்தான் கைப்பிடி சுற்றும். தூக்குவதற்கு நல்ல பலம் வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் தகடு வைத்திருக்கும் குப்பியால் முடியாது. போன நாலு நாளும் அதைத் தூக்கிக் கொடுத்தது கணவன்தான்.

இந்தக் கொக்கி தூக்கி விடப்பட்டிருந்தது.

முதல் தொட்டியிலும். இரண்டாவதிலும்.

அவள் மணிக்கட்டு விஷயம் கடத்தல்காரனுக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் ஜாம் பாட்டில் மூடியைக்கூட அவளுக்காக ஒரு திருகு திருகித் தளர்த்தி வைத்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவான், அந்த ஆள். கல்யாணமான பெண்களெல்லாம் பொறாமைப்பட்ட கரிசனம்!

நுணலும் தன் வாயால் கெடும். இவன் தன் கரிசனத்தால் கெட்டான்.

"இல்லை... இருக்காது..." குப்பி முணுமுணுத்தாள். ஓடிப் போய் ஃபைலைப் புரட்டினாள்.

மாதிரி 214. ஆண். வயது நாற்பத்தாறு. இறந்த தேதி...

அந்தத் தேதி அவளுக்குத் தெரியும்! கணவனின் மருந்துக்கடைப் பார்ட்னர் கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் காபி குடித்தபடியே சாய்ந்த தேதி. 'ஹார்ட் அட்டாக்' என்றார்கள். சாவு வீட்டில் குப்பியும் போய் அழுதாள். பார்ட்னரின் அக்கா மட்டும் "என் தம்பிக்கு நெஞ்சுவலியே கிடையாது, போலீஸுக்குப் போவேன்" என்று கத்தினாள். 'காலாவதியான மருந்துக்குப் புது லேபிள் ஒட்டறதைப் பத்தி உன் புருஷன்கிட்ட பேசணும்மா' என்று பார்ட்னர் போனில் சொன்னது, சாவதற்கு இரண்டு நாள் முன்பு.

அதை அன்று ராத்திரியே கணவனிடம் சொன்னது அவள்தான்.

இந்த ஆளுக்காகவா பதினாலு வருட நேர்மையை ஒரு கையெழுத்தில் தொலைத்தாள்? இந்த ஆளுக்காகவா ஒரு தொட்டி தூரம் அழுதாள்? கோபத்தைவிட அவமானம் அதிகமாக எரிந்தது.

அதற்கு நடுவே மூளை ஒன்றைக் கணக்குப் போட்டுச் சொன்னது.

முன்னால் போய்த் தொட்டி நிரப்புகிறவன், பின்னால் நின்று அவளைக் கண்காணிக்க முடியாது! பச்சை ஸ்வெட்டரைக் காலையிலேயே பார்த்தவன்தானே!

போனை எடுத்தாள். போலீஸைக் கூப்பிட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் சொன்னார். "கடல்வாசலுக்குப் போற பாலம் ரிப்பேர்மா. சுத்திக்கிட்டுத்தான் வரணும். நாலரை ஆயிடும். நாங்க வர்றது தெரிஞ்சா ஓடிடுவான். நாங்க வர்ற வரைக்கும் அவனைப் பிடிச்சு வைக்க முடியுமா?"

"சார், நான் சோதனைக் குழாயைப் பிடிக்கறவ. ஆளைப் பிடிச்சுப் பழக்கமில்லை."

சொல்லும்போதே அவளுக்குக் காலையில் பார்த்த ஒரு போர்டு கண் முன்னே வந்தது.

'கடல்வாசல் தொட்டி. ஆழம் இருபது அடி. ஏணி கழற்றப்பட்டுள்ளது. எட்டிப் பார்க்காதீர்!'

"முயற்சி பண்றேன் சார்!"

பொய் ரிப்போர்ட்டைச் சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். இரண்டாவது படிவத்தை எடுத்து நிதானமாக எழுதினாள்.

பிறகு மாமியாரின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை... உங்க புள்ளையைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள்.

பத்து வருடத்தில் முதல் முறையாக மாமியார் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"பொய்யா இருக்கணும்னு வேண்டிக்கறேன்" என்றாள். "நான் என்ன பண்ணணும்?"

"அவர் உள்ளே வந்ததும் அஞ்சு நிமிஷம் பிடிச்சு வைங்க. போதும்."

5

மூன்று ஐம்பது. கடல்வாசல்.

கடல் உள்வாங்கியிருந்தது. கீழ்க்கதவுக்கு அந்தப் பக்கம் பாதாளத்தில் சேறும் சிப்பியும் தெரிந்தன. தொட்டி மட்டும் விளிம்பு வரை நிரம்பி, மேல்கதவு திறந்து, அவளுக்காகக் காத்திருந்தது.

குப்பி படகை உள்ளே விட்டாள். இஞ்சினை அணைத்தாள். கைப்பிடியோடு சுவர் மேல் ஏறினாள்.

"குப்பி!"

தொட்டியோரம் இருந்த சாமான் அறைக்குப் பின்னாலிருந்து நொண்டிக்கொண்டே ஓடி வந்தான் கணவன். கிழிந்த சட்டை. மணிக்கட்டில் கயிற்றுத் தடம். தகரக் குரலும் 'பளார்' சத்தமும் போதாதென்று இதுவும்! நடிப்புக்குப் பரிசு கொடுக்கலாம்!

"தப்பிச்சு வந்துட்டேன்! ரெண்டு பேர்... பின்னாடியே வர்றாங்க! அந்தப் பேப்பர் எங்கே? அதைப் பெட்டியில போட்டாத்தான் நம்மளை விடுவாங்க!"

"ஐயோ, ரொம்ப அடிச்சாங்களா?" குப்பியின் கண்ணில் நிஜமாகவே நீர் வந்தது. "பேப்பர் உள்ளே அத்தைகிட்ட இருக்கு. அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அழறாங்க. போய் முகத்தைக் காட்டிட்டு வாங்கிட்டு வாங்க."

எலி பொறிக்குள் தாவியது!

உள்ளே மாமியாரின் குரல் உச்சத்துக்குப் போனது. "என் ராசா! வந்துட்டியா! இரு, அம்மா உன்னைக் கண் குளிரப் பார்த்துக்கறேன்..."

குப்பி மேல்கதவின் கட்டையில் முதுகைக் கொடுத்தாள். தள்ளினாள். தகடு வைத்த மணிக்கட்டு 'விண் விண்' என்று தெறித்தது. கதவு முனகியபடி சாத்திக்கொண்டது. எதிர்ப்பக்கம் ஓடினாள். இரண்டாவது கதவு. சாத்தியது!

கீழ் மதகுக்கு ஓடினாள். கொக்கியை அவனே தூக்கி விட்டிருந்தான்.

சுற்றினாள். சுற்றினாள்!

தண்ணீர் சத்தம் காட்டாமல் நழுவத் தொடங்கியது. படகும் நழுவியது. ஓர் அடி... நாலு அடி... எட்டு அடி...

"விடும்மா! பேப்பரைக் கொடும்மா!" உள்ளே கணவன்.

"முதல்ல தண்ணி குடி. எங்கே அடிச்சாங்க? எத்தனை பேர்? உயரமா, குட்டையா?"

பன்னிரண்டு அடி... பதினாறு...

ஒரு வழியாகத் தாளைப் பிடுங்கிக்கொண்டு படகின் பின்தட்டுக்கு வந்தான் கணவன். படித்தான்.

'மாதிரி எண் 214. இதய மருந்து, உயிரைக் கொல்லும் அளவில் உள்ளது. கொடுத்தவர்: இந்தத் தாளை இப்போது கையில் வைத்திருப்பவர்.'

திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

வானம் இருபது அடி உயரத்தில் இருந்தது!

நாலு பக்கமும் பாசி படிந்த சுவர். ஏணி இல்லை. உச்சியில், கையில் இரும்புக் கைப்பிடியோடு பச்சை ஸ்வெட்டர்.

"குப்பி! என்னடி இது? தண்ணியை விடுடி! நான் உன் புருஷன்டி!"

"தெரியும்ங்க. அதனாலதான் படகோட இறக்கினேன். வேற யாராவதா இருந்தா படகு இல்லாமலே இறக்கியிருப்பேன்."

அவன் கூரை மேல் ஏறி எம்பிக் குதித்தான். நகம் பாசியில் வழுக்கியது. விழுந்தான். மறுபடி குதித்தான். மறுபடி விழுந்தான்.

"அம்மா! நீயாவது சொல்லும்மா!"

மாமியார் மெதுவாகப் பின்தட்டுக்கு வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பார்ட்னர் குடிச்ச காபியை யார் போட்டது?"

"அம்மா, அது வந்து..."

"யார் போட்டது?"

"...நான்தான்."

"சரி." மாமியாரின் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி உங்கப்பாவும் இப்படித்தான் நாற்காலியில சாய்ஞ்சார். அவருக்கும் நெஞ்சுவலி கிடையாது. கடையை உன் பேருக்கு எழுத மாட்டேன்னு சொல்லி ஒரு வாரம்கூட ஆகலை. அன்னிக்குக் காபி யார் போட்டது?"

சுவர் மேல் நின்ற குப்பி விளிம்பில் குனிந்து உற்றுக் கேட்டாள். இதை அவள் நினைக்கவே இல்லையே!

கீழே கணவன் மறுபடி சுவரைப் பிறாண்டினான்.

"கேக்கறேன்ல? அன்னிக்கு நான் கோயிலுக்குப் போயிருந்தேன். வீட்டுல நீ மட்டும்தான். சர்க்கரை எவ்வளவு போட்டே? வேற என்ன போட்டே? அவர் உன்னை என்னன்னு கூப்பிட்டார்? கடைசியா என்ன சொன்னார்? சொல்லுடா! எனக்கு அது தெரியணும்!"

மாமியார் அழுதுகொண்டே கேட்டாள். நிறுத்தாமல் கேட்டாள்.

நாலு முப்பத்தைந்துக்கு ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார்.

"சார்!" கூரை மேல் நின்று இரண்டு கையையும் தூக்கினான் கணவன். "நான்தான் சார் கொன்னேன்! பார்ட்னரை நான்தான் கொன்னேன்! எழுதிக்குங்க! தயவுசெஞ்சு என்னைச் சீக்கிரம் மேலே தூக்குங்க சார்!"

"பேச்சை மாத்தாதே!" கீழிருந்து மாமியாரின் குரல் வந்தது. "அப்பா விஷயத்துக்கு வா!"

ஏணியோடு ஓடி வந்த கான்ஸ்டபிளை இன்ஸ்பெக்டர் கை காட்டி நிறுத்தினார்.

"அவசரப்படாதேய்யா! நாம ஒரு கேஸுக்குத்தான் வந்தோம். அந்தம்மா ரெண்டாவதையும் முடிச்சுக் கொடுக்கறாங்க!"